அந்தரத்தில் நின்ற கை

பெரில் ஸ்டாடர்டுக்குச் சந்தேகப்பட்டுப் பழக்கமில்லை. அறுபது வயதைத் தாண்டி முதன்முறையாகச் சந்தேகப்பட்டதால், அளவு தெரியாமல் கொட்டுகிறாள் என்று டூலிக்குத் தோன்றியது.

"அந்தப் பாரிஸ்டர் விலை போயிட்டான், கண்ணு," என்றாள் அவள், எண்ணெய்ச் சட்டியைத் துடைத்தபடி. "சத்தியமா சொல்றேன். எதிராளி அவனைக் குப்புறக் கவுத்து வாங்கிட்டான்."

டெப்ட்ஃபோர்டு கடைத்தெருவில் இருந்த அந்த மீன் வறுவல் கடை இன்னும் திறக்கவில்லை. வெளியே மழை, அது அதன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே மூன்று பேர். முதலாமவள் கடைக்காரி பெரில். அவளுக்கு எதிரே, ஈர மழைக்கோட்டைக் கழற்றாமலேயே தேநீர் குடித்துக்கொண்டிருந்தவள் ஹெஸ்டர் பிளன்ட். தெற்கு லண்டனில் யாருக்கு யார்மேல் சந்தேகம் வந்தாலும் முதலில் தேடுகிற பெண் துப்பறிவாளர். மூன்றாவது ஆள் டூலி. இருபது வருஷத்துக்கும் மேல் கறுப்பு டாக்ஸி ஓட்டியவன். இப்போது ஹெஸ்டருக்கு உதவியாளன், ஓட்டுநர், வேண்டாத கருத்துகளைச் சொல்கிறவன்.

"முதல்லேர்ந்து சொல்லுங்க," என்றாள் ஹெஸ்டர்.

பெரில் சொன்னாள். கட்டிடத்துக்குச் சொந்தக்காரன் கிராஸ்பி. அவளுடைய கணவன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கடையைச் சில வாரம் மூடினாள். கணவன் போய்ச் சேர்ந்தான். அவள் கடையைத் திறந்தாள். ஆனால் 'அவள் கடையைக் கைவிட்டுவிட்டாள், குத்தகை முறிந்துவிட்டது, காலி செய்யச் சொல்லுங்கள்' என்று கிராஸ்பி வழக்குப் போட்டுவிட்டான். கடையும் அதுதான், மேலே வீடும் அதுதான். நாளைக்கு விசாரணை.

"சொலிசிட்டர்கிட்ட போனா அவரு கதை கேப்பாரு, காகிதமெல்லாம் தயார் பண்ணுவாரு, கோர்ட்டுக்கும் வீட்டுக்கும் நடப்பாரு. அப்புறம் கோர்ட்ல எழுந்து பேச ஒரு பாரிஸ்டரைப் பிடிப்பாரு. ரெண்டு பேருக்கும் நான் அழணும். இப்பல்லாம் நேராவே பாரிஸ்டர்கிட்ட போகலாமாமே? நடுவுல ஆளே வேண்டாமாம். மிஸ்டர் பென்ஹேல்தான் சொன்னாரு."

"பென்ஹேல் யாரு?"

"மாடியில குடியிருக்காரு. தங்கமான மனுஷன். ரிட்டயர்டு இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். இந்த வழக்கு ஆரம்பிச்ச சமயத்துலதான் குடி வந்தாரு. அவரு இல்லேன்னா நான் எப்பவோ இடிஞ்சு உட்கார்ந்திருப்பேன், கண்ணு. எனக்கு இந்த ஈமெயில் கண்றாவியெல்லாம் தெரியாது. எல்லாம் அவருதான் பார்த்துக்கறாரு."

"பாரிஸ்டர் பேரு?"

"விட்லாக். பேசில் விட்லாக். முதல் தடவை நானே போய்ப் பார்த்தேன். நல்லாத்தான் பேசினாரு. 'நான் ஒண்ணொண்ணா சொல்றேன், நீங்க செய்யணும்'னாரு. அதோட சரி. ஒரு போன் இல்ல, ஒரு வார்த்தை இல்ல. என்ன ஆச்சுன்னு மிஸ்டர் பென்ஹேலைக் கேட்டா, பாவம், அவரும் எழுதி எழுதிப் பார்த்துட்டு உதட்டைப் பிதுக்கறாரு. 'பெரிய இடத்து ஆளுங்க அப்படித்தான், பெரில்'ங்கறாரு. நேத்து மனசு கேக்காம நானே கிளம்பிப் போனேன். வாசல்லயே நின்னுட்டேன்."

"ஏன்?"

"கிராஸ்பியோட பாரிஸ்டர் இருக்கான் பாருங்க, ஒரு தடவை அவனோட கடையைப் பார்க்க வந்த சிவப்பு மூஞ்சிக்காரன், அவனும் அதே கட்டிடத்துலேர்ந்து வெளிய வர்றான்! வாசல் பலகையில ரெண்டு பேர் பேரும் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா இருக்கு. என் ஆளும் அவன் ஆளும் ஒரே கூரைக்குக் கீழ உக்காந்து டீ குடிக்கறாங்க!" பெரிலின் குரல் உடைந்தது. "இந்தக் கடை போச்சுன்னா நான் எங்க போவேன்? எனக்கு மீன் பொரிக்கத் தவிர ஒண்ணும் தெரியாது."

டூலி முகத்தைத் திருப்பிக்கொண்டு, கண்ணாடி ஜாடியில் இருந்த ஊறுகாய் முட்டையைக் கவனமாகப் பார்த்தான்.

"ஒரே சேம்பர்ல, அதாவது ஒரே ஆபீஸ்ல, இருக்கறவங்க எதிரெதிரா வாதாடறது சகஜம்," என்றாள் ஹெஸ்டர். "அதை மட்டும் வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. ஆனா போன் பண்ணாதது தப்பு."

மாடிப்படியில் காலடிச் சத்தம். பெரில் அவசரமாகக் கிசுகிசுத்தாள். "உங்களைக் கூப்பிட்டது அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா மனசு வருத்தப்படுவாரு. பழைய சிநேகிதங்கன்னு சொல்லிடறேன்."

இறங்கி வந்தவர் எழுபதை நெருங்கியவர். வெள்ளை முடியைப் படிய வாரி, பழுப்பு நிறக் கையில்லா இடுப்புச் சட்டைக்கு எல்லாப் பொத்தானும் போட்டிருந்தார். ஆட்களைக் கண்டதுமே கையை நீட்டிக்கொண்டு வந்தார்.

"அமோஸ் பென்ஹேல்! பெரிலோட சிநேகிதங்க எனக்கும் சிநேகிதங்க!" என்று ஹெஸ்டரின் கையைக் குலுக்கினார். பிறகு டூலியின் கையைப் பிடித்தார். விடுவதாகத் தெரியவில்லை. "கையைப் பிடிச்சுப் பார்த்தா ஆளைச் சொல்லிடுவேன் சார். முப்பது வருஷம் இன்ஷூரன்ஸ் வித்த கை இது. நீங்க உழைப்பாளி!"

"இப்ப இல்லீங்க. நீங்க விட்டாத்தான் இனிமே உழைக்க முடியும்," என்றான் டூலி.

பென்ஹேல் வாய்விட்டுச் சிரித்தார். பால்காரன் வந்தான், அவன் கையையும் குலுக்கினார். பெரிலின் தோளைத் தட்டி, "கவலைப்படாதே பெரில். நாளைக்கு நீ கோர்ட்டுக்குக்கூட வர வேண்டாம். அதெல்லாம் உனக்குத் தாங்காது. பாரிஸ்டர் பார்த்துக்குவாரு. இல்லேன்னா கடவுள்," என்றார்.

"நீங்க ஒரு தடவை அவங்களோட அந்தப் பாரிஸ்டரைப் போய்ப் பார்த்திருக்கலாமே?" என்றாள் ஹெஸ்டர் சாதாரணமாக.

"ஆசைதான் மேடம். இந்த முழங்கால் விடணுமே! அந்த வக்கீலுங்க இருக்கற டெம்பிள் பக்கமெல்லாம் பூராவும் படிக்கட்டு." முழங்காலைத் தடவிக்காட்டிவிட்டு, செய்தித்தாளை எடுத்துக்கொண்டு மறுபடி மேலே போனார்.

"எந்த மாடியில இருக்காரு?" டூலி கேட்டான்.

"உச்சியில. மூணாவது மாடி," என்றாள் பெரில்.

டூலி ஹெஸ்டரைப் பார்த்தான். ஹெஸ்டர் தேநீரைப் பார்த்தாள்.

டெம்பிளின் கல் முற்றத்தில் மழை விட்டிருந்தது. விட்லாக்கின் சேம்பர் பழைய செங்கல் கட்டிடத்தின் இரண்டாம் மாடியில். வாசல் பலகையில் பெரில் சொன்னது போலவே பெயர்கள் வரிசையாக எழுதியிருந்தன.

"அம்மணி, எனக்கு இந்த இடமே பிடிக்கல," என்றான் டூலி படியேறியபடி. "எல்லாரும் நல்லா தூங்கி எழுந்தவங்க மாதிரியே இருக்காங்க. நேர்மையானவன் மூஞ்சி இப்படி இருக்காது."

"வாயை மூடிட்டு ஏறு."

"கண்ணைத் திறந்துட்டு ஏறறேன், அது போதுமா?"

நடுப்படியில் இருவர் எதிரெதிராக நின்றிருந்தார்கள். ஒருவன் சிவந்த முகம், பருத்த உடம்பு. இன்னொருவன் ஒல்லி, நாற்பது வயது, கண்ணாடி. சிவந்த முகம் லேசாகத் தலையசைத்து, "நாளைக்குப் பார்ப்போம், விட்லாக்," என்றது. ஒல்லியும் தலையை மட்டும் அசைத்தான். ஒருவரை ஒருவர் தொடாமல் விலகி, ஒருவன் மேலே போக, மற்றவன் கீழே போனான்.

"பார்த்தீங்களா!" டூலி ஹெஸ்டரின் காதில் சீறினான். "சிவப்பு மூஞ்சி! நம்மாளும் அவனும் தலையசைச்சுக்கறாங்க. கை குலுக்கினா யாராவது பார்த்துடுவாங்கன்னு பயம்!"

"முட்டாள். பாரிஸ்டரும் பாரிஸ்டரும் என்னிக்கும் கை குலுக்க மாட்டாங்க. அது அவங்க வழக்கம். நாமெல்லாம் ஒரே சாதி, ஒருத்தரை ஒருத்தர் சந்தேகப்படத் தேவையில்லைன்னு அர்த்தமாம். மத்தவங்களுக்கெல்லாம் தாராளமா கொடுப்பாங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பதினோரு வருஷம் ஒரு பாரிஸ்டரோட குடும்பம் நடத்தினவ நான். என் கல்யாண விருந்துக்கு வந்த அவரோட கூட்டாளிங்க ஒருத்தருக்கும் அவரு கை கொடுக்கல. என் தோழிகளுக்கெல்லாம் கொடுத்தாரு. அதுலயும் ஒருத்திக்கு ரொம்ப நேரம். அப்பவே நான் உஷாராகியிருக்கணும்."

டூலி மரியாதையாக இருமினான்.

விட்லாக் தன் அறை வாசலில் அவர்களை நிறுத்தியே பேசினான். கை கொடுத்தான். உட்காரச் சொல்லவில்லை. பெரில் என்ற பெயரைக் கேட்டதும் முகம் இறுகியது.

"என்கிட்ட அப்படி ஒரு கட்சிக்காரர் உண்டா இல்லையான்னே நான் சொல்ல முடியாது, மேடம். அவங்களே வந்து கேட்டா சொல்லுவேன்."

"அவங்களுக்கு உங்கமேல நம்பிக்கை போயிடுச்சு," என்றாள் ஹெஸ்டர்.

"அவங்களுக்கா? என்மேலயா?" விட்லாக் சிரித்தான். அந்தச் சிரிப்பில் கோபம்தான் இருந்தது. சட்டென்று உதட்டை மூடிக்கொண்டான். "மன்னிக்கணும். இதுக்கு மேல பேச மாட்டேன்."

டூலிக்கு உள்ளங்கை அரித்தது. இப்படிப் பாதியில் நிறுத்துகிற ஆட்களை அவன் டாக்ஸியில் நிறையப் பார்த்திருக்கிறான். இறங்கும்போது சில்லறை இல்லை என்பார்கள்.

"நாங்க டெப்ட்ஃபோர்டுக்குத்தான் திரும்பறோம். வண்டியில இடமிருக்கு," என்றாள் ஹெஸ்டர். "அந்த அம்மாகிட்ட நேர்ல ஏதாவது சொல்றதா இருந்தா வாங்க."

விட்லாக் தயங்கினான். பிறகு மேஜைமேல் நாடா கட்டி வைத்திருந்த காகிதக் கட்டைத் தோல்பையில் திணித்தான். "வர்றேன். நானும் அவங்களை இன்னிக்கே பார்த்தாகணும். இதைத் திருப்பிக் கொடுக்கணும்."

திருப்பிக் கொடுக்கணும் என்ற வார்த்தை டூலிக்கு நன்றாகக் கேட்டது. நாளைக்கு வழக்கு, இன்றைக்குக் கட்டைத் திருப்பிக் கொடுக்கிறான். ஆள் கழன்றுகொள்ளப் பார்க்கிறான்!

டவர் பாலத்துக்கு முன்னால் வண்டி நெரிசலில் நின்றது. டூலி கண்ணாடியில் பின்னிருக்கையைப் பார்த்தபடி தூண்டில் போட்டான்.

"சார், டாக்ஸி ஸ்டாண்ட்ல முதல்ல நிக்கறவன், வர்ற சவாரி யாரா இருந்தாலும் ஏத்தித்தான் ஆகணும். உங்களுக்கும் அப்படி ஒரு விதி உண்டாமே?"

"சொலிசிட்டர் மூலமா வந்தா உண்டு. ஆள் நேரா வந்தா அந்தக் கட்டாயம் கிடையாது. இஷ்டப்பட்டாத்தான் ஏத்தணும்."

"இஷ்டப்பட்டு ஏத்திட்டு, நடுப்பாலத்துல இறக்கி விடலாமா?"

விட்லாக் வெளியே பார்த்தான். "பயணி எங்க போகணும்னு சொல்லவே இல்லைன்னா? திரும்பித் திரும்பிக் கேக்கறீங்க. 'சரி சரி, பார்த்துக்கலாம்'னு மட்டும் பதில் வருது. வண்டி எப்படி நகரும்? ஸ்டியரிங்தான் என்கிட்ட. பெட்ரோல் அவங்க போடணும்."

டூலி வாயைத் திறந்தான். ஹெஸ்டர் அவன் இருக்கையின் பின்பக்கத்தை முழங்காலால் இடித்தாள். மூடிக்கொண்டான்.

ஹெஸ்டர் மெல்லக் கேட்டாள். "பொதுவா கேக்கறேன், மிஸ்டர் விட்லாக். நேரா வர்ற கட்சிக்காரர் என்னென்ன தானே செய்யணும்?"

"எழுதறது நான். வாதாடறது நான். ஆனா கையெழுத்துப் போட்டுக் கோர்ட்ல கொண்டுபோய்ச் சேர்க்கறது அவங்க வேலை. அதுக்கெல்லாம் எனக்கு அனுமதி இல்ல. சொலிசிட்டர் இருந்தா அவர் ஆபீஸ் பார்த்துக்கும். சொலிசிட்டர் இல்லேன்னா எல்லாம் கட்சிக்காரர் தலைமேலதான். நிறையப் பேருக்கு இது புரியறதே இல்ல."

"சேர்க்கலேன்னா?"

"எதிர்த்தரப்பு மட்டும் பேசும். ஒருதலைப்பட்சமாத் தீர்ப்பாயிடும்."

நெரிசல் விலகியது. டூலி கியரை மாற்றினான். அவன் மண்டைக்குள்ளும் ஏதோ ஒன்று மாற ஆரம்பித்தது. ஆனால் எந்தப் பக்கம் என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

கடை திறந்திருந்தது. மதியக் கூட்டம் கலைந்து, ஓரமாக ஒரு கிழவர் மட்டும் பட்டாணி மசியலைக் கிளறிக்கொண்டிருந்தார். பெரில் மரக்கரண்டியுடன் நின்றாள். பக்கத்தில், பொட்டலம் கட்டும் காகிதத்தை நறுக்கியபடி பென்ஹேல்.

விட்லாக்கைப் பார்த்ததும் பெரிலின் முகம் மீன் துண்டை விடவும் வெளுத்துப் போனது.

"வந்துட்டீங்களா! இப்பத்தான் வழி தெரிஞ்சுதா உங்களுக்கு?"

"மிஸஸ் ஸ்டாடர்ட், நான் கேட்டதுல ஒண்ணையும் நீங்க செய்யல. அதைத்தான் நேர்ல சொல்ல வந்தேன்."

"நான் செய்யலையா? நீங்கதான் ஒரு வார்த்தை சொல்லல!"

"நான் சொல்லலையா?"

"சத்தம் போடாதீங்க, சத்தம் போடாதீங்க," என்று ஹெஸ்டர் இருவருக்கும் நடுவே வந்தாள். குரலில் விருந்து வீட்டு உபசாரம். "முதல்ல அறிமுகம் ஆகட்டும். மிஸ்டர் பென்ஹேல், இவர்தான் பாரிஸ்டர் விட்லாக். மிஸ்டர் விட்லாக், இவர் பெரிலுக்கு எல்லா உதவியும் செய்யற மிஸ்டர் பென்ஹேல்."

விட்லாக் கோபத்திலும் மரியாதை தவறாதவன். கையை நீட்டினான்.

பென்ஹேல் நிமிர்ந்து, தலையை லேசாக ஒரு முறை அசைத்தார். அவ்வளவுதான். இரண்டு கையும் இடுப்புச் சட்டையோடு ஒட்டியே இருந்தன.

விட்லாக்கின் கை அந்தரத்தில் நின்றது.

டூலி பார்த்தான். காலையில் ஹெஸ்டருக்குக் கொடுத்த கை. தன் விரல்களை நொறுக்கிய கை. பால்காரனைக்கூட விடாத கை. அந்தப் படிக்கட்டும், சிவந்த முகமும், அந்தத் தலையசைப்பும் அவன் மனதில் வந்து நின்றன. இவர் அசைத்ததும் அதே அசைப்பு.

ஒரு நொடிதான். பென்ஹேல் சுதாரித்துக்கொண்டார். "மன்னிக்கணும், கையெல்லாம் எண்ணெய்…"

"காகிதம்தானே நறுக்கினீங்க?" என்றாள் ஹெஸ்டர். உபசாரம் போன இடம் தெரியவில்லை. "எத்தனை வருஷம் ஆச்சு, மிஸ்டர் பென்ஹேல், பாரிஸ்டர் அங்கியைக் கழற்றி? நீங்களா கழற்றினீங்களா, இல்ல அவங்க கழற்ற வெச்சாங்களா?"

"என்ன உளறல் இது? நான் இன்ஷூரன்ஸ்…"

"ஊருக்கெல்லாம் கை கொடுக்கறீங்க. நீங்களே ஆளை எடைபோடறது கையைப் பிடிச்சுத்தான்னு சொன்னீங்க. ஒரு பாரிஸ்டரைப் பார்த்ததும் மட்டும் அந்தக் கை எழும்பல. யோசிச்சுச் செஞ்சிருந்தா கொடுத்திருப்பீங்க. யோசிக்க நேரமில்ல. பழக்கம் முந்திக்கிச்சு."

"அடப்பாவி," என்றான் டூலி. "அதான் டெம்பிள் பக்கம் வரலையா! முழங்கால் வலி இல்ல. அங்க யாராவது அடையாளம் கண்டுபிடிச்சுடுவாங்கன்னு வலி!"

"இதெல்லாம் கோர்ட்ல நிக்காது," என்றார் பென்ஹேல். சொன்ன பிறகுதான், இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் பேசுகிற பேச்சா இது என்று அவருக்கே உறைத்தது போலிருந்தது.

"நிக்க வேண்டாம். இது மீன் கடை," என்ற ஹெஸ்டர் விட்லாக்கிடம் திரும்பினாள். "உங்க கட்சிக்காரர் இதோ எதிர்லயே நிக்கறாங்க. அவங்க கேட்டா நீங்க பதில் சொல்லலாம். பெரில், உங்களைக் கூப்பிட்டாரான்னு கேளுங்க."

பெரில் விட்லாக்கை நோக்கித் திரும்பினாள். "என்னைக் கூப்பிட்டீங்களா, சார்?"

"எத்தனையோ தடவை. முதல் வாரத்துலயே நம்பர் மாறிட்டதா உங்க ஈமெயில் வந்துது. புது நம்பருக்குக் கூப்பிட்டா எடுக்கவே மாட்டீங்க. 'பார்த்துக்கலாம்'னு ஒரு செய்தி மட்டும் வரும்."

"என் நம்பர் மாறவே இல்லையே! இதோ, என் போன்." ஏப்ரன் பையிலிருந்து எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய போனை எடுத்துக் காட்டினாள்.

விட்லாக் அதைப் பார்த்தான். பிறகு தன் போனை எடுத்தான். "இப்பவும் கூப்பிடறேன்," என்றான்.

பெரிலின் போன் அவள் கையில் சும்மா கிடந்தது.

மணி பென்ஹேலின் இடுப்புச் சட்டைக்குள்ளிருந்து அடித்தது.

பட்டாணி மசியல் கிழவர்கூடக் கரண்டியை நிறுத்தினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பென்ஹேல் அதை எடுக்கவும் இல்லை, அணைக்கவும் இல்லை. முகத்தில் இருந்த அந்தக் கலகலப்பு கழன்று விழுந்து, அடியில் சலிப்பு மண்டிய வேறு ஒரு மனிதர் தெரிந்தார்.

"நேரா பாரிஸ்டர்கிட்ட போங்கன்னு சொன்னதே நீங்கதான்," என்றாள் ஹெஸ்டர். "சிக்கனத்துக்கு இல்ல. சொலிசிட்டர் ஒருத்தர் இருந்தா அவர் ஆபீஸ் எல்லாத்தையும் தானே செஞ்சு முடிச்சிருக்கும், நீங்க உள்ள நுழைய இடமில்ல. நேரா போனா எல்லாம் இவங்க தலைமேல வரும். இவங்க தலையில இருக்கறதை நீங்க வாங்கி வெச்சுக்கிட்டீங்க. கிராஸ்பி என்ன தர்றேன்னான்?"

"நான் ஒரு பொய்யும் எழுதல," என்றார் பென்ஹேல், நிதானமாக. "யார் பேர்லயும் கையெழுத்துப் போடல. சும்மா இருந்தேன். சும்மா இருக்கறது குற்றமில்ல."

"நம்பர் மாறிட்டதா எழுதினது யாரு? உங்க அத்தையா?" என்றான் டூலி.

பெரில் மரக்கரண்டியைக் கீழே வைத்தாள். அழுவாள் என்று டூலி நினைத்தான். அவள் அழவில்லை.

"தினம் ராத்திரி, கடை மூடறப்ப, இருக்கறதுலயே பெரிய துண்டாப் பார்த்து உங்களுக்குன்னு எடுத்து வெச்சேன்," என்றாள். "என் புருஷனுக்கு வெச்ச மாதிரி. அதைச் சாப்பிட்டுட்டே என் கடையை வித்தீங்களா?"

முதல்முறையாகத் தன் கைகளை எங்கே வைப்பது என்று பென்ஹேலுக்குத் தெரியவில்லை.

"நடுவுல ஆளே வேண்டாம்னுதான் நேரா போனேன்," என்றாள் பெரில், யாரிடம் என்றில்லாமல். "கடைசியில என் வீட்டுக்குள்ளயே ஒரு ஆளை நடுவுல உக்கார வெச்சிருக்கேன்."

விட்லாக் தோல்பையைத் திறந்தான். நாடா கட்டிய கட்டை மேடையில் வைத்தான். திருப்பிக் கொடுக்க வந்த அதே கட்டு. "உங்க பதில் மனு இதுல இருக்கு. உங்க அக்கம்பக்கத்துக்காரங்க சொல்ல வேண்டியதும் எழுதி வெச்சிருக்கேன். கடை மூடியிருந்தது கொஞ்ச நாள்தான்னு அவங்க கையெழுத்துப் போடணும். இன்னிக்குக் கவுன்ட்டர் மூடறதுக்குள்ள கோர்ட்ல சேரணும்."

"நான் சாப்பிட்டு முடிச்சுட்டேன்," என்று பட்டாணிக் கிழவர் எழுந்து வந்தார். "பேனாவைக் கொடுங்க. இவ கடை மூடின அந்த வாரமெல்லாம் நான் பட்டினி. எனக்குத் தெரியாததா?" எதிர்க்கடைத் தையற்காரியை டூலி போய் இழுத்து வந்தான். அவளும் போட்டாள்.

"நீங்களே கொண்டுபோய்க் கொடுத்துடுங்க சார், ஓடற காலுக்கு என்ன கேடு?" என்றான் டூலி விட்லாக்கிடம்.

"முடியாது. சொன்னேனே. இவங்கதான் கொடுக்கணும்."

பெரில் அவனை ஏறிட்டாள். "அப்ப நீங்க? விலகிடப் போறீங்களா?"

விட்லாக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டான். பிறகு கையை நீட்டினான். இந்த முறை அது அந்தரத்தில் நிற்கவில்லை. பெரில் ஏப்ரனில் கையைத் துடைத்து, அதைப் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்குக் காலையில, கோர்ட் வாசல்ல," என்றான். "நீங்க வரணும். உங்களுக்குத் தாங்காதுன்னு யார் சொன்னாலும் நம்பாதீங்க."

ஹெஸ்டர் ஒரு நாற்காலியை இழுத்துப் பென்ஹேலுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். "நீங்க போயிட்டு வாங்க. எங்களுக்குப் பேச நிறைய இருக்கு. போலீஸைக் கூப்பிடறேன், அவங்க வர்ற வரைக்கும் இவரு தன் பழைய கதையைச் சொல்லட்டும். உண்மையான பேர்லேர்ந்து ஆரம்பிக்கட்டும்."

டூலி அன்றைக்கு ஓட்டிய ஓட்டத்துக்கு, அவன் பழைய டாக்ஸி உரிமம் இருந்திருந்தால் பறித்திருப்பார்கள். கோர்ட் கவுன்ட்டரில் இருந்த பெண் கடிகாரத்தைப் பார்த்தாள், மூடும் நேரம் எழுதிய பலகையைப் பார்த்தாள், மீன் வாடை வீசும் ஏப்ரனைப் பார்த்தாள்.

"உங்க சொலிசிட்டர் யாரு?"

"இல்ல, கண்ணு."

"அப்ப யார் தாக்கல் பண்றது?"

"நான்தான்," என்றாள் பெரில். "ஸ்டாடர்ட். பெரில் ஸ்டாடர்ட். என் கடை."

அந்தப் பெண் கட்டை வாங்கி, புரட்டி, முத்திரையை எடுத்துக் குத்தினாள். ஒரு பிரதியைத் திருப்பித் தந்தாள். அந்தச் சத்தம் கேட்டதும் டூலிக்கு மூச்சு வந்தது.

வெளியே மறுபடி மழை பிடித்துக்கொண்டது. பெரில் பிரதியை ஏப்ரனுக்குள் செருகி, மேலே கையை வைத்து அழுத்திக்கொண்டாள். நனைந்துவிடுமே என்று டூலி கை நீட்டினான்.

"கொடுங்க பெரில், என் கோட்டுக்குள்ள வெச்சுக்கறேன். பத்திரமா இருக்கும்."

பெரில் அவனைப் பார்த்தாள். அவன்மேல் கோபம் எதுவும் இல்லை அந்தப் பார்வையில்.

"வேண்டாம், கண்ணு," என்றாள். "நானே வெச்சுக்கறேன்."